விருந்தாளிகளுக்கு லிஃப்ட் இல்லை

சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்வாசல் வழியே நுழைந்தன.

"செருப்பக் கையில புடிச்சிக்கோங்க. மேல போற வரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றார் முனிரத்தினம்.

மலையில் முடி கொடுத்துவிட்டு வேனில் இறங்கி வந்த சொந்தக்காரர்கள். சத்தியவேட்டுக்குத் திரும்பும் முன் இங்கே ஒரு வாய்ச் சோறு. திருப்பதியில் வீடு எடுத்தவன் தலையில் எழுதிய எழுத்து அது. வாடகை வீடானாலும் எழுத்து மாறாது.

ஆனால் இந்த இடம் அப்படிப்பட்டதல்ல.

ஊருக்கு நடுவே, பழைய பங்களாக்களை இடித்துக் கட்டிய அடுக்குமாடி. வீட்டுக்கு மூன்று படுக்கையறை, வயதானவர்கள் இரண்டு பேர், ஒரு நாய். பிள்ளைகள் அமெரிக்காவில். கறுப்பு கவுன் போட்ட அவர்களது பட்டமளிப்புப் படங்கள் மட்டும் ஏசி அறையில் தனியாக வசித்துவந்தன.

நாய்க்கு லிஃப்ட் உண்டு. விருந்தாளிக்குக் கிடையாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயச்சந்திரன் இதைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார். தமிழ் தமக்கு வராது என்பார். தாத்தா காலத்தில் தங்கள் வாசலில் யானை நின்றது என்றும் சொல்வார். அதை இங்கிலீஷில் சொல்வார்.

போன புரட்டாசியில் முனிரத்தினத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"திஸ் ஈஸ் நாட் எ சத்திரம், முனிரத்தினம் காரு."

இன்னொரு தடவை கூட்டம் சேர்ந்தால் காலி செய்ய வேண்டியதுதான். வீட்டுக்காரர் இருப்பது டெக்சாஸில். அவர் சார்பில் வைப்பதும் விரட்டுவதும் ஜெயச்சந்திரன். முனிரத்தினத்தின் மகன் சுனிலுக்குப் பெண் கொடுப்பவர்களோ அடுத்த வாரம் வீடு பார்க்க வருகிறார்கள். அவர்கள் தலையாட்டியதே பாதி இந்த விலாசத்தைப் பார்த்துத்தான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஐந்தாவது மாடியில், ஜெயச்சந்திரன் வீட்டில், சங்கக் கூட்டம். விவாதப் பொருள், காலனியின் தரத்தைக் காப்பது எப்படி. தரமானவர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டதால் படிக்கட்டு காலியாக இருந்தது.

நாலாவது மாடி வரை ஒரு தும்மல்கூட இல்லை.

கூடத்தில் வரிசையாக இலை போட்டாயிற்று. முனிரத்தினத்தின் மனைவி வெங்கடம்மா சாம்பார் வாளியைத் தூக்கினாள்.

அழைப்பு மணி அடித்தது.

வாளி அந்தரத்தில் நின்றது. முனிரத்தினம் கதவை நாலு விரல் அளவுக்குத் திறந்தார்.

ஜெயச்சந்திரன். பக்கத்தில் புது மொட்டையோடு தடித்த ஒரு அம்மாள், இடுப்பில் பிளாஸ்டிக் கூடை.

"யுவர் ரிலேடிவ், ஐ திங்க். ராங் ஃப்ளோர்."

முனிரத்தினம் அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை. ஆனால் 'எங்க ஆள் இல்லை' என்றால், 'அப்படியானால் உங்க ஆள் யார் யார்?' என்று அடுத்த கேள்வி வரும்.

"ஆமாங்க சார். எங்க பெரியம்மாதான்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஜெயச்சந்திரன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அத்தனை சாம்பார் வாசனைக்கும் அவர் மூக்கு அசையவில்லை. விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார்.

"யாருய்யா இது? நம்ம வேன்ல வர்லியே" என்றாள் வெங்கடம்மா.

"மொட்ட போட்டா எல்லாம் ஒரே ஜாடதான். எல போடு."

"இன்னா மாமா, நாங்க வந்தது பத்தாதுன்னு வழியில போறவங்கள வேற இட்டுனு வர்றியா?" என்று கிசுகிசுத்தான் மச்சான் மகன் துலுக்காணம். இலைக்கு மேலேயே எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"யாரைப் பாக்க வந்தீங்கம்மா?" என்று வெங்கடம்மா கேட்டாள். அந்த அம்மாள் மென்றுகொண்டே ஒரு விரலை மேலே காட்டினாள். ஏழுமலையானைத்தான் சொல்கிறாள் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு கூடையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

மேலே நாற்காலிகள் இழுபட்டன. கூட்டம் முடிந்தது. தரம் லிஃப்ட் ஏறி அவரவர் வீட்டுக்குத் திரும்பியது.

வெயில் தாழ்ந்ததும் மறுபடியும் மணி.

இந்தத் தடவை ஜெயச்சந்திரன் தனியாக வந்திருந்தார். திறந்த கதவு வழியே கூடத்தில் படுத்திருந்த மொட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். 'காலி' என்ற சொல்லை எதிர்பார்த்து முனிரத்தினம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

ஜெயச்சந்திரன் இரண்டு பக்கமும் ஆளில்லையே என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"சின்னம்மா துன்னுச்சா?"

அந்த அம்மாள் காட்டிய விரல் ஏழாவது மலை வரை போகவில்லை, ஐந்தாவது மாடியோடு நின்றிருக்கிறது என்பது முனிரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த வாரம் பெண் வீட்டார் தாராளமாக வரலாம். ஒரு வேன் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

"ரெண்டு தடவ ரசம் வாங்கிக்கினாங்க சார்."

"போற வழியில நாராயணவனத்துல எறக்கிவுட்டுடுங்க."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. தாம் ஒட்டிய நோட்டீசின் பக்கம் திரும்பாமலே லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுலயே கூட்டிக்கினு போங்க. அதுக்கு முட்டி ஆவாது."