துண்டு போட்ட நாற்காலி

தொற்றுக்காலத்தில் பூட்டிய நாடக அரங்கை மறுபடி திறந்தார்கள். முன்வரிசையில் நடு நாற்காலியின் குறுக்கே யாரோ ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனார்.

நடு நாற்காலிக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, துண்டு போட்டு என்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்க! வரப்போறது பெரிய ஆளாத்தான் இருக்கும்."

இடப்பக்க நாற்காலியில் முகக்கவசம் போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வலப்பக்கத்தில் மெலிந்த ஒருவர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். மணி அடித்தது. மேடையில் ராஜாவின் ஒட்டுமீசை கழன்று விழுந்து சபையே சிரித்தது. அப்போதும் நடுவில் உட்கார யாரும் வரவில்லை.

இடைவேளையில் நடு நாற்காலி கவலையோடு கேட்டது: "இன்னும் காணோமே, வழியில என்ன ஆச்சோ?"

இடப்பக்க நாற்காலி தயங்கித் தயங்கிச் சொன்னது: "அது துண்டு இல்லப்பா. 'இங்கே உட்காரக் கூடாது'ன்னு அதுல எழுதியிருக்கு."



நாடகம் முடிந்தது. கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோன அந்த மெலிந்த மனிதர் எழுந்து, பெண்ணிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, இன்னொரு நாடகம் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லம்மா. பக்கத்து சீட்டைக் காலியா விடுவாங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் என் பொண்ணு அனுப்பினா."

போகும்போது நடு நாற்காலியின் கையில் மெல்லத் தட்டி, "வரேன்பா" என்றார்.

விளக்குகளை அணைத்தார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றது நடு நாற்காலி, "பெரிய ஆளுக்காகத்தான் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு."