புடலைத் தண்டில் ஒரு வீக்கம்

புடலைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததுமே கண்ணில் பட்டது. ஒரு கொடியின் தண்டு எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. அதற்குக் குங்குமம் வைத்து, சிவப்புக் கண்ணாடி வளையல் ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

“குளவி வந்து உக்காந்துச்சு சார். அன்னையிலருந்துதான் இப்படி இருக்கு,” என்றாள் செல்லக்கிளி. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை தங்கும் என்பார்கள். இரண்டு கலைந்து, இது அவளுக்கு மூன்றாவது. நாலாம் மாதம்.

வேளாண் அலுவலரான எனக்கு எரிச்சல்தான் வந்தது. “அது குளவி இல்லம்மா, கண்ணாடி இறக்கை அந்துப்பூச்சி. குளவி மாதிரி வேஷம் போட்டு வந்து முட்டை வச்சிட்டுப் போயிரும். உள்ள புழு தண்டைத் தின்னுக்கிட்டு இருக்கு. விட்டா பந்தலே போயிரும்.”

“வேணாம் சார்” என்று அவள் கையை நீட்டுவதற்குள் கத்தியால் கீறிவிட்டேன். வெள்ளைப் புழு ஒன்று வழுக்கி மண்ணில் விழுந்து நெளிந்தது. நசுக்கக் காலைத் தூக்கினேன். அவள் மண்டியிட்டு அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கணவன் மாயழகு பின்னாலிருந்து குனிந்து வந்தான். பந்தலைக் காப்பாற்றச் சொல்லி என்னை நாலு தடவை போனில் கூப்பிட்டவன் அவன்தான். என் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கினான். பக்கத்துக் கொடியைத் தடவி, பருத்த இடமாகப் பார்த்து, ஒரு கீறல் போட்டான்.

“கிளி, இதுல விடு,” என்றான்.