பன்னிரண்டாவது நாற்காலி

"என் காலு வேணாம் சாமி. வேற யாரையாவது கூப்புடுங்க."

சுந்தரம்மா மாதா கோயில் வாசலிலேயே நின்றுவிட்டாள். பங்காருபாளையம் பக்கத்து மாந்தோப்புகளில் களையெடுப்பவள். ஊரில் யார் வீட்டில் பிரசவம், சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். தோப்பிலிருந்து திரும்பியவளைப் பங்குச் சாமியார் பிரகாசம் ஆளனுப்பி வரவழைத்திருந்தார்.

மறுநாள் பெரிய வியாழன். ஏசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பன்னிரண்டு பேரை உட்கார வைத்துச் சாமியார் பாதம் கழுவுவார். இத்தனை வருடமும் பன்னிரண்டு நாற்காலியிலும் ஆண்கள்தான். இந்த வருடம் முதல்முறையாக ஒரு பெண்ணும் உட்காருவாள் என்று சாமியார் அறிவித்துவிட்டார்.

கோயில் கமிட்டித் தலைவர் நாகபூஷணத்துக்கு அதில் விருப்பமில்லை. "ஏசு கழுவுனது பன்னெண்டு ஆம்பளைங்க காலைத்தானே சாமி? பாருங்க, அவளே வேணான்றா. பழையபடியே வச்சிக்கலாம்."

"அப்ப அப்படிப் புரிஞ்சிக்கினாங்க, பெரியவரே. ஒருத்தருக்கொருத்தர் பணிவிடை செய்யுங்கன்னுதானே ஏசு கழுவிக் காட்டுனாரு? அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? இப்ப திருச்சபையே சட்டத்தை மாத்திடுச்சி." சாமியார் சுந்தரம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா வேணான்றீங்க?"

"கூச்சமா இருக்குது சாமி."

"எதுக்கும்மா கூச்சம்? சேத்துல நிக்கிற காலு, வெடிச்ச காலுன்னா? அந்தக் காலைத்தாம்மா ஏசு முதல்ல தேடுவாரு."

"அது இல்ல சாமி..."

"கூலிக்காரி காலைச் சாமி தொடறதான்னு யோசிக்கிறியாக்கா?" பாடகர் குழு இந்திராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ யாருக்குக் கொறைஞ்சவ? பொம்பளைங்க எல்லாம் உன்னைத்தான் நம்பிக்கினு இருக்கோம். நீ உக்காரலைன்னா அடுத்த வருசமும் பன்னெண்டும் ஆம்பளைங்கதான்."

"ஐயோ, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்லாதே. வர்றே, உக்கார்றே. அவ்வளோதான்."

சுந்தரம்மா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுத் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை மாலை கோயிலில் இடமில்லை. வெளியே கூட நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் நாற்காலியில் நாகபூஷணம் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி நாற்காலியில், மாம்பழ நிறப் புடவையில் சுந்தரம்மா.

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டே வந்தார். நெருங்க நெருங்க, சுந்தரம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாவம், எத்தினி வருசமா மனசுல கெடந்த தாழ்வோ!" என்று இந்திராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாமியாருக்கும் கண் கலங்கியிருந்தது. சுந்தரம்மாவின் வலது பாதத்தைக் கையில் ஏந்தி மெல்லத் தண்ணீர் ஊற்றிவிட்டு, செம்பைப் பக்கத்தில் நின்ற உதவிச் சிறுவனிடம் கொடுத்தார். குதிகாலைத் தடவினார். பிறகு துண்டால் உள்ளங்காலைத் துடைத்தார்.

சுந்தரம்மாவின் தோள்கள் குலுங்கின.

"அழுவுறாங்க..." என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

மறுநொடி அவள் கால் உதறிய வேகத்தில் சிறுவன் கையிலிருந்த செம்புத் தண்ணீர் மொத்தமும் சாமியார் தலையில் கவிழ, நாகபூஷணமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி, சுந்தரம்மா கெக்கெக்கெவென்று வெடித்துச் சிரித்தாள்.

"விடுங்க சாமி, விடுங்க! உள்ளங்காலைத் தொட்டா எனக்குச் சின்ன வயசுலேருந்தே கூச்சம் தாங்காது... நேத்தெல்லாம் அதைத்தானே சொல்ல வந்தேன், யாரு என்னைப் பேச வுட்டீங்க?"