ஏற்றம் இருக்கும் இடம்

"வானத்தின் மனசை அறிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது நம்ம கேப்டன்தான்" என்று பறக்கும் கிளப்பின் தலைவர் எழுந்து நின்று சொன்னார். அந்த ஒருவர் அப்போது, மேஜைக்கு அடியில் கழன்று ஓடிய ஒற்றைச் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

விசாரணை ஒன்றும் பெரிதில்லை. விமானக் கொட்டகையை ஒட்டிய சின்ன அறையில் தலைவர், கிளப்பின் விமானத்தை ஓட்டும் கேப்டன், கிளைடர் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சரம்மா. எதிரே புகார் சொல்ல வந்த ஒரு நடுவயதுக்காரர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவர்.

அவர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் கிளைடரை இழுத்துப் போகிற விமானக்காரர் வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறார் என்றார். என்ன வம்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் கேப்டன் ஆரம்பித்துவிட்டார்.

பறக்கும்போது தொடையில் கட்டிக்கொள்ளும் டேப்லெட்டை, பட்டையோடு மேஜைமேல் வைத்தார். பாராசூட்டில் குதிக்கிறவர்களுக்கு எங்கே கதவைத் திறப்பது என்று காற்றைக் கணக்குப் பண்ணிச் சொல்வது அதிலுள்ள செயலிதான்; கிளைடரைக் கயிறு கட்டி எந்தப் பக்கம் இழுத்துப் போவது என்று காட்டுவதும் அதுவேதான். கிளப்பில் ஒருவர் அதில் புள்ளி வைத்தால் எல்லார் திரையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேப்டன் வைத்த சிவப்புப் புள்ளிக்குப் பெயர் 'ஏற்றம்'.

"இந்த எடத்துல சூடான காத்து மேல எழும்புது. எஞ்சின் இல்லாத கிளைடருக்கு அதுதான் மூச்சு. பல மாச ஆராய்ச்சி சார் இது."

டீச்சரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அங்க ஒரு பருந்துகூடச் சுத்தாது கேப்டன். முன்னாடி போற விமானம் றெக்கைய ஆட்டினா நாங்க உடனே கயித்த விட்டாகணும், அது விதி. நீங்க அங்க போய்த்தான் ஆட்டுறீங்க. விட்டா, காப்பி ஆறுறதுக்குள்ள தரைக்கு வந்துடுறோம்."

டீச்சரம்மாவின் மாணவர்களோ அந்த இடத்தில் இருக்கை தன்னால் மேலே தூக்கியதாகச் சத்தியமே பண்ணுவார்கள். கேப்டன் சொன்ன பிறகு தூக்காமல் இருக்குமா?

அங்கே ஏற்றமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்பது கேப்டனுக்குத் தெரியும். அங்கே இருந்தது ஒரு வீடு. இவரைவிட்டுப் பிரிந்த மனைவியும் மகளும் இருக்கும் வீடு.

இனி எங்கள் வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். மகள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். கேப்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. வாசப்படிக்கு ரெண்டாயிரம் அடி மேலே பறக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

முதல் சில தடவை மொட்டைமாடி வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரு சிவப்புத் துணி ஆடியது. அவ்வளவு உயரத்தில் முகமா தெரியும்? துணி தெரிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இரண்டு கையாலும் ஆட்டினாள் மகள்.

கேப்டன் பதிலுக்கு றெக்கையை ஆட்டினார். பின்னால் கயிற்றில் ஒரு கிளைடர் வருகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் அது கயிற்றை விட்டிருந்தது. இறங்கியதும் ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமே. அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சிவப்புப் புள்ளி.

அதன்பின் ஒரு ஞாயிறும் தப்பவில்லை. ஒருமுறை புதன்கிழமை காலையில், குதிக்கிறவர்களை வானத்தில் விட்டுவிட்டு, காலி விமானத்தோடு சும்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்போதும் துணி ஆடியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தலைவர் புகார் சொல்ல வந்தவரைக் காட்டினார். "அந்தப் பக்கம் குடியிருக்கிற இவரும் மனுஷன்தானே கேப்டன். அந்தப் புள்ளிய எடுத்துடலாம். வேற எடத்துல ஏத்தம் கண்டுபிடிங்க, உங்களுக்குத் தெரியாத வானமா?" அவர் விரல் புள்ளிமேல் அழுந்தியது. நீக்கிவிடலாமா என்று திரை கேட்டது.

கேப்டன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். வானத்தின் மனசை அறிந்தவரின் குரல் சிறுபிள்ளைக் குரலாக வந்தது.

"அங்க ஏத்தம் இல்ல தலைவரே. எம் பொண்ணு இருக்கா. மாடியில நீலத் தொட்டி வச்ச வீடு. நான் வர்ற சத்தம் கேட்டா ஓடி வந்து செவப்புத் துணி ஆட்டுவா. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். எடுத்துடாதீங்க."

டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவரின் விரல் தானாகத் திரையைவிட்டு எழுந்தது.

புகார் சொல்ல வந்தவர் மட்டும், தொட்டிக்குப் பக்கத்தில் வளைந்துபோன ஆன்டெனா ஒன்று இருக்குமா என்று மெல்லக் கேட்டார். கேப்டன் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளை உங்களுக்குத் தெரியுமா, எப்படி இருக்கிறாள், வளர்ந்துவிட்டாளா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

வந்தவர் தலை குனிந்தார். காலடியில் கேப்டனின் செருப்பு கிடந்தது. அதைக் காலால் மெதுவாகக் கேப்டன் பக்கம் தள்ளிவிட்டார்.

"அவங்க காலி பண்ணின பிறகுதான் சார் நாங்க குடி வந்தோம். ரெண்டு வருஷம் ஆச்சு."

கேப்டன் சிரித்தபடியே இருந்தார். சிரிப்பை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. அப்படியானால் அந்தச் சிவப்புத் துணி என்று கேட்டார்.

"போர்வை சார். ராத்திரி டூட்டி முடிச்சுப் படுத்தா தூங்க விடாம வர்றீங்களேன்னு வெரட்டுவேன். நீங்க பதிலுக்கு றெக்கைய ஆட்டினதத்தான் வம்புன்னு நெனச்சுட்டேன்."