முறுக்குக் கம்பெனியில் சோதனை

காரைக்குடியில் முறுக்குக் கம்பெனி நடத்தும் முத்தரசுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. இன்றைய சோதனையில் தேறினால்தான் தீபாவளிக்கு அடுப்பு எரியும்.

பத்து மணிக்குக் கையில் நோட்டுடன் சகாயராணி வந்து இறங்கினார்.

"சுட்ட எண்ணெயை என்ன செய்றீக?"

"மறுபடி ஊத்துறதில்லம்மா. பயோடீசலுக்குக் குடுத்துர்றோம்."

"கழுவுற தண்ணி எங்குட்டுப் போகுது?"

"பின்னால தென்னைக்கு."

சகாயராணி கொல்லைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பிளாஸ்டிக் கவர் இன்னும் கெடக்கே?"

முத்தரசு கைகூப்பினார். "இந்த மாசத்துக்குள்ள மாத்திருவேன். கைவிட்டுறாதீகம்மா."

"வேலை பாக்குற பொம்பளைகளுக்குச் சம்பளம் ஒழுங்கா வருதா?"

அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அழகியே பதில் சொன்னாள். "தேதி தப்பாதுக்கா."

சகாயராணி நோட்டை மூடினார்.

"மழை இல்லாம எங்கயும் கடலை சரியா வெளையல. கூடுதல் விலை சொல்லி மூணு கம்பெனிக்காரக வந்தாக. போய்ப் பாத்தோம், மனசுக்குப் பிடிக்கல. சிங்கம்புணரிப் பக்கம் நாங்க நூறு குடும்பம் வெளைய வச்ச கடலை பூராவும் இந்த வருசம் உங்க முறுக்கு எண்ணெய்க்குத்தான்."

முத்தரசு நிம்மதியாகச் சிரித்து, முறுக்குத் தட்டை அந்த விவசாயியின் முன் நீட்டினார்.