நிற்காத மின்விசிறி

கழுத்து விண்ணென்று தெறிக்க இசக்கிராஜ் எழுந்தான். நாற்பது வயதாகியும், கண்ணயர்ந்தால் தலை தானாக இடமும் வலமும் ஆடும். அதனாலேயே மூன்று விடுதிகளிலிருந்து அவனைத் துரத்தியிருந்தார்கள். இந்த உப்பள விடுதியில் நேற்றுதான் சேர்ந்தான். இங்கும் இடமில்லை என்றால் வேலையும் போய்விடும்.

இங்கே கட்டில்கள்தான் மின்சாரம் தரும். படுத்திருப்பவர்கள் புரளும் அளவுக்குத்தான் அந்தந்த அறையில் மின்விசிறி சுற்றும்.

அறைக்காரர்கள் மூவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, அவன் பையைக் கட்டினான்.

"எங்கல கெளம்பிட்ட?" என்றார் மூத்தவரான மரியசூசை.

"தல ஆடும் அண்ணாச்சி. வேணும்னு ஆட்டல."

"ஆடட்டும்ல. நாங்க மூணு பேரும் கட்டை மாதிரி கெடப்போம், ஒரு மணிக்கே ஃபேன் நின்னுரும். நேத்துதான் விடிய விடிய ஓடிச்சு. பக்கத்து ரூம்காரன் கூப்பிட்டா போயிராத, ஆமா."

மூவரும் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெகுநாள் கழித்து நிம்மதியாக மூச்சுவிட்டான்.

தூக்கத்தில் ஆடிய அவன் தலை இடித்து ஊரில் மனைவி பேச்சியம்மாளின் முன்பல் உடைந்த அன்று, "பக்கத்துல ஏன் படுத்த?" என்று அவளைத்தான் திட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. அவளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.