இடக்கைக் கரடி

“கரடிக் குடும்பமே இடது கையால சாப்பிடுதாமே, வாத்தியாரே! இதைப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்ங்கிறீங்களே!”

பங்குச் சாமியார் ஆம்ப்ரோஸ் அங்கியைச் சற்றுத் தூக்கிக் கணுக்காலைச் சொறிந்துகொண்டார்.

கிளாரன்ஸ் வாத்தியாருக்குத் தலை சுற்றியது. மர்பி டவுன் மைதானத்துக் கொட்டகையில் அந்தக் கார்ட்டூன் படம் இன்று சாயங்காலத்தோடு சரி. சாமியார் தலையசைத்தால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போக முடியும். நல்லது கெட்டது பார்த்து வரும்படி நேற்று இவரைத்தான் அனுப்பியிருந்தார்.

“வலது கைதான் சாமி. நாற்காலியில உட்கார்ந்து நல்லாப் பார்த்தேன்.”

“நம்பிக்கையான ஆள் சொல்லியிருக்கார். குட்டிக்கரடி அம்மாவைத் தேடி அழற இடத்துல கண்ணீர் தானா வருதாம். பாட்டு பிரமாதமாம். நடுவுல கதை கொஞ்சம் இழுக்குதாம். அதெல்லாம் போகட்டும். சாப்பாடு இடது கை! சுவர்க் கடிகாரம் பின்பக்கமா ஓடுதாம்! எழுத்து எந்தப் பாஷைன்னே தெரியலையாம்!”

‘நிறை குறையெல்லாம் நான் நினைத்தபடியே சொல்கிறார். கை மட்டும் எப்படி மாறும்?’ கிளாரன்ஸுக்குத் தன் கண்ணின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

“வரைஞ்சவன் இடக்கைக்காரனோ என்னவோ?” என்றார் சாமியார்.

“அதனால கரடிக்குக் கை மாறாது சாமி. அது ஒரு தடவை கையைத் தூக்கணும்னா இருபது முப்பது படம் வரையணும். ஒவ்வொண்ணுலயும் கை துளித்துளியா நகரும். வேகமா ஓட்டினா, தூக்கற மாதிரித் தெரியும். அதை வெளிச்சத்துல பெரிசாக்கித் திரையில...”

வாத்தியார் துள்ளி எழுந்தார்.

“திரை! அது மெல்லிசுத் துணி சாமி. கொட்டகைக்காரன் தண்ணி தெளிச்சு நனைச்சு வைப்பான், பின்பக்கமும் படம் தெரியட்டும்னு. அங்கே தரை டிக்கெட், பாதி விலை. அங்கிருந்து பார்த்தா கண்ணாடியில பார்க்கிற மாதிரி எல்லாம் இடம் வலமா மாறிடும். கை, கடிகாரம், எழுத்து, எல்லாமே! உங்க ஆள் திரைக்குப் பின்னால உட்கார்ந்திருக்கார்!”

“ஓகோ.”

சாமியார் கூரையைப் பார்த்தார். மறுபடி கணுக்காலைச் சொறிந்தார்.

“சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா பிள்ளைகளை முன்பக்கமே உட்கார வையுங்க. பின்னால ஒரே கட்டெறும்பு.”